கூகிள் இருக்கும்போது பாடசாலை நூலகர் எதைக் கற்பிப்பது?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "இந்த வருடம் நூலகப் பொறுப்பையும் என்னிடம் தந்துவிட்டார்கள். நூலகர் 'தகவல் எழுத்தறிவு', அதாவது தகவலைத் தேடிச் சோதித்துப் பயன்படுத்தும் திறன், கற்பிக்க வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் எதையும் கைத்தொலைபேசியிலேயே தேடிவிடுகிறார்கள். உண்மையில் நான் எதைக் கற்பிப்பது?"

இருபத்து மூன்று வருடம் பாடசாலை நூலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன். முதலில் 'தேடிவிடுகிறார்கள்' என்ற உங்கள் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான பிள்ளைகள் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் தேடலுக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் உங்கள் வேலை முழுவதும் இருக்கிறது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். தரம் 10 மாணவி ஒருத்தி குடாநாட்டு நிலத்தடி நீர் மாசடைவது பற்றி ஒப்படை எழுதிக்கொண்டிருந்தாள். நமக்கு ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம். தோட்டங்களுக்குப் போடும் பசளை நைத்திரேற்றாகக் கரைந்து அதே நீருக்குள்தான் இறங்குகிறது. ஆகவே நல்ல தலைப்பு. அவள் இரண்டு தாள்களோடு வந்து நின்றாள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்றது ஒரு தாள். 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றது மற்றத் தாள்.

"ரீச்சர், இதில் எது பிழை?"

"இரண்டும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்று பார்த்தீரா?" என்று கேட்டேன்.

நான் கலைப்பிரிவில் படித்தவள். அந்த இடத்தில் என்னிடம் விடை இருக்கவில்லை, கேள்வி மட்டும் இருந்தது. இருவருமாகத் தாள்களைத் திரும்ப வாசித்தோம். 50 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு. அது நைத்திரேற்று அயன் முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. 10 என்பது அமெரிக்க நியமம். அது நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் எடுக்கிறது. விஞ்ஞான ஆசிரியரைக் கூப்பிட்டோம். நைதரசனின் அணுத்திணிவு 14, நைத்திரேற்றின் மொத்தம் 62 என்று அவர் கரும்பலகையில் எழுதினார். அவள் 10ஐ 62ஆல் பெருக்கி 14ஆல் வகுத்தாள். 44ஐச் சற்றுத் தாண்டியது. இரண்டு தாள்களும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லியிருக்கின்றன. அவள் 50 என்ற தாளைக் கிழித்துப் போட்டு 10 என்றதை மட்டும் வைத்து எழுதியிருந்தால், நைத்திரேற்று 30 மில்லிகிராம் உள்ள கிணற்றை 'எல்லையை மூன்று மடங்கு தாண்டிய கிணறு' என்று எழுதியிருப்பாள். அயலில் ஒரு குடும்பம் அதை நம்பித் தன் கிணற்றைக் கைவிட்டிருக்கவும் கூடும்.

அதற்குச் செலவானது ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம். நீங்கள் கற்பிக்க வேண்டியது இதைத்தான். விடயம் ஆசிரியரிடம் இருக்கும். 'இதை யார் சொன்னார், எதை அளந்து சொன்னார், வேறு யார் இதைச் சொல்கிறார்' என்ற கேள்விகள் உங்களிடம் இருக்க வேண்டும்.

பெயரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'தகவல் எழுத்தறிவு' என்ற கருத்தை 1974இல் அமெரிக்காவில் போல் சுர்கவ்ஸ்கி என்பவர் முன்வைத்தார். நூலகச் சங்கங்களின் சர்வதேச சம்மேளனமும் யுனெஸ்கோவும் 1999இல் வெளியிட்ட பாடசாலை நூலகப் பிரகடனம் அதைப் பாடசாலை நூலகத்தின் வேலையாகவே எழுதிவைத்தது. நமக்கு இன்னும் கிட்டிய ஒன்றும் உண்டு. 2004இல் கொழும்பில் நடந்த ஒரு சர்வதேசப் பயிலரங்கில், நம்மைப் போன்ற ஆசிய நாடுகளின் பாடசாலைகளை மனதில் வைத்து எட்டுப் படிகள் கொண்ட ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். இனங்காணல், தேடியறிதல், தெரிவுசெய்தல், ஒழுங்குபடுத்தல், ஆக்குதல், முன்வைத்தல், மதிப்பிடல், பிரயோகித்தல் என்பவையே அந்த எட்டும். பயிற்சிக்குப் போனால் இதைத்தான் சொல்லித் தருவார்கள். நல்ல மாதிரி. ஆனால் அதைச் சுவரொட்டியாக எழுதி நூலகத்தில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் நூறு பிள்ளைகளில் எண்பது பேர் முதற்படியிலேயே வழுக்கிவிடுகிறார்கள். அந்தப் படியில் கையைப் பிடித்துவிட்டால் மிச்சத்தைப் பெரும்பாலும் அவர்களே நடந்து முடிப்பார்கள்.

முதற்படி கேள்வி. 'டெங்கு' என்பது தலைப்பு. அதை அப்படியே கொடுத்தால் கடையில் அச்சடித்து எடுத்த நான்கு பக்கம் வரும், மேலட்டையில் ஒரு நுளம்புப் படத்தோடு. அதே தலைப்பை 'யாழ்ப்பாணத்தில் டெங்கு மார்கழி, தை மாதங்களில் கூடுகிறது, கொழும்பில் ஆனி, ஆடியிலும் கூடுகிறது, ஏன்?' என்று மாற்றிப் பாருங்கள். எந்த ஒரு பக்கத்திலும் இதற்கு முழு விடை கிடைக்காது. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு மாவட்டவாரியாக வெளியிடும் எண்ணிக்கை வேண்டும். வடகீழ்ப் பருவமழையும் தென்மேல் பருவமழையும் எப்போது எங்கே பெய்கின்றன என்ற புவியியல் வேண்டும். நுளம்பின் வாழ்க்கை வட்டம் வேண்டும். மூன்றையும் பிள்ளைதான் சேர்த்துப் பின்ன வேண்டும். பார்த்து எழுதாதே என்று நூறு முறை கண்டிப்பதைவிட, பார்த்து எழுத முடியாத ஒரு கேள்வியை அமைக்க உதவுவது பயன் தரும். இதைப் பாட ஆசிரியரோடு உட்கார்ந்துதான் செய்ய முடியும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கேள்வி கிடைத்த அடுத்த வாரம் பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவாள். "ரீச்சர், தலைப்பை மாற்றித் தாருங்கள்" என்பாள். பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் றட்கேஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் குல்தாவ் மாணவர்களின் தேடலைப் பல வருடம் கூர்ந்து பார்த்து எழுதியவர். தேடலின் நடுவில், தகவல் கூடக்கூடக் குழப்பமும் கூடும், தெளிவு அதற்குப் பிறகே வரும் என்று அவர் காட்டினார். அதை வாசித்த நாளிலிருந்து நான் தலைப்பை மாற்றிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, "இதுவரை அறிந்ததைச் சொல்லும், நான் எழுதுகிறேன்" என்று கேட்கத் தொடங்கினேன். பேசி முடிக்கும்போது பாதிப் பிள்ளைகள் தாங்களாகவே வழியைக் கண்டுவிடுவார்கள்.

அடுத்தது நூலக அலுமாரி. நூல்களை விடயவாரியாக அடுக்க உதவும் தூவி எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்காதீர்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அலுமாரிகளுக்கு இடையே நடத்திக் காட்டுங்கள். நிலத்தடி நீர் என்ற ஒரே விடயம் 551.49இல் புவிச்சரிதமாக இருக்கும், 628.1இல் நீர் வழங்கலாக இருக்கும், பசளையோடு சேர்ந்து 631.8இல் இருக்கும். மூன்று அலுமாரிக்கும் நடந்த பிள்ளைக்கு, அறிவு ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதில்லை என்பது காலாலேயே விளங்கிவிடும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931இல் விதி வகுத்த சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன்தான் நமது யாழ்ப்பாணப் பொது நூலகம் அமைவதற்கும் ஆலோசனை சொன்னவர். அந்த விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சொன்னவரின் ஊரையும் சேர்த்து. நம் மொழி பேசிய ஒருவர் உலக நூலகவியலுக்கு அடிப்படை போட்டார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி, எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று. தமிழில் தேடுவது தனிக் கலை. நம் பாடநூலில் 'நைத்திரேற்று' என்று படித்த பிள்ளை அப்படியே தட்டினால் மிகக் கொஞ்சமே கிடைக்கும். தமிழ்நாட்டில் அதையே 'நைட்ரேட்' என்று எழுதுகிறார்கள். நமக்கு ஒட்சிசன், அவர்களுக்கு ஆக்சிஜன். நமக்கு ஐதரசன், அவர்களுக்கு ஹைட்ரஜன். 'தொழினுட்பம்' என்று தேடினால் ஒரு கூட்டம் வரும், 'தொழில்நுட்பம்' என்று தேடினால் இன்னொரு கூட்டம் வரும். 'நிலத்தடிநீர்' என்று சேர்த்து எழுதுவதும் 'நிலத்தடி நீர்' என்று பிரித்து எழுதுவதும் ஒரே விளைவைத் தருவதில்லை. வேற்றுமை உருபு ஏறிய சொல்லைத் தட்டினால் நிலைமை இன்னும் மாறும். போதாக்குறைக்கு, நம் ஊரில் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் ஏராளம். கண்ணுக்கு அவை தமிழ். கணினியின் உள்ளே அவை ஆங்கில எழுத்துக்களின் குவியல். யுனிகோட்டில் தேடுகிற எவருக்கும் அவை அகப்படாது. ஒரு பிள்ளை "இதைப் பற்றித் தமிழில் ஒன்றுமே இல்லை ரீச்சர்" என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். இருக்கிறது, தேடுபொறியின் கண்ணுக்குத் தெரியவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஸ்கான் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே உள்ளே உள்ள சொல்லை நம்பித் தேடுவதைவிடத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று தேடுவதே பலன் தரும். பழைய அட்டைப் பட்டியலைப் புரட்டத் தெரிந்த பிள்ளை இதை விரைவில் பிடித்துக்கொள்ளும்.

என் நூலகச் சுவரில் ஒரு பெரிய மட்டை தொங்கியது. இடப்பக்கம் நம் சொல், வலப்பக்கம் தமிழ்நாட்டுச் சொல். பிள்ளைகள் தேடும்போது அகப்படும் புதிய சோடியை அவர்களே பென்சிலால் எழுதிவிடுவார்கள். நான் ஓய்வுபெறும்போது அந்த மட்டையில் எழுத இடமே இருக்கவில்லை. இதைவிடச் சிக்கனமான கற்பித்தல் சாதனம் ஒன்றை நான் அறியேன்.

கண்ட தளத்தை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது? முன்பெல்லாம் ஒரு பட்டியல் கொடுப்போம்: ஆசிரியர் பெயர் உண்டா, திகதி உண்டா, எழுத்துப்பிழை உண்டா என்று. இன்று பொய் சொல்லும் தளங்களில் இவை எல்லாம் அழகாகவே இருக்கும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பேர்க், சாரா மக்ரூ என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோரை ஒரே தளங்களைப் பார்க்கச் செய்தார்கள். படித்த வரலாற்றாசிரியர்களில் பலர்கூடத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் வாசித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடியிலேயே அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று புதிய பக்கங்களைத் திறந்து பார்த்தார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் விசாரிக்க மாட்டோம் அல்லவா? அயலில் கேட்போம். பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், ஒரே தடவையில் விளங்கியது.

இதனால்தான் விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று தடைபோடும் ஆசிரியர்களோடு நான் முரண்படுகிறேன். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பத் தொடங்கியவர் இ. மயூரநாதன், நம் யாழ்ப்பாணத்தவர். அதன் கட்டுரையை முடிவாகக் கொள்ளக் கூடாது, உண்மைதான். ஆனால் அடியில் உள்ள சான்றுகளும், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கமும், மாற்றியவர்கள் வாதாடும் உரையாடல் பக்கமும் கற்பிப்பதற்குக் கிடைத்த பொக்கிஷம். அச்சு நூல் எதுவும் தன் திருத்தங்களை இப்படித் திறந்து காட்டுவதில்லை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்துப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செய்ததும் இந்த வேலையைத்தான் என்று தரம் 11 பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்தில் வெறும் பெயராக இருந்த ஒருவர் உயிரோடு எழுந்து வருவார்.

ஒப்புநோக்குவது வலிக்கும் இடமும் ஒன்று உண்டு. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் நம் பிள்ளைகள் பொது நூலக எரிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள். ஒரு வருடம் ஐந்து கட்டுரைகளை மேசையில் அருகருகே வைத்தேன். எரிந்த நாள் சிலவற்றில் மே 31, சிலவற்றில் யூன் 1. நூல்களின் தொகை ஒன்றில் 95,000, இன்னொன்றில் 97,000, மற்றொன்றில் ஒரு இலட்சத்துக்கு மேல். இரண்டில் 'ஆசியாவிலேயே மிகப்பெரிய நூலகம்' என்ற வரி. திகதியை முதலில் தீர்த்தோம். 1981 மே 31 இரவு தொடங்கி யூன் 1 விடியும்வரை நீண்ட கொடுமை அது, ஆகவே இரு திகதியும் வருகின்றன. தொகையில் 97,000 என்பதே பெரும்பாலான பதிவுகளில் உள்ளது என்று கண்டோம். கடைசி வரிக்கு வந்தபோது, கொல்கத்தாவில் உள்ள இந்தியத் தேசிய நூலகத்தின் தொகையைப் பார்க்கச் சொன்னேன். பத்து இலட்சத்துக்கும் எவ்வளவோ மேலே போயிற்று.

ஒரு பையன் எழுந்து, "அப்படியென்றால் எங்களுக்குச் சொன்னது பொய்யா ரீச்சர்?" என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்த நெருப்பு எழுந்த திசையை எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தவள் நான்.

பிரதி உள்ள நூலை மறுபடியும் வாங்கலாம், இன்னொரு பிரதி உலகில் இல்லாத ஓர் ஏட்டை எங்கே வாங்குவீர் என்று அவனைக் கேட்டேன். நடந்ததை மறுக்க விரும்புகிறவர் நம் கட்டுரையில் முதலில் எந்த வரியைப் பிடிப்பார் என்றும் கேட்டேன். யோசித்தான். 'ஆசியாவிலேயே மிகப்பெரிய' என்ற சொற்களைத் தானே வெட்டினான். அந்த இடத்தில் 'வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன' என்று எழுதினான். நான் பார்த்த அத்தனை கட்டுரைகளிலும் அந்த ஒரு வரியே என்னை அதிகம் உலுக்கியது. பிடித்தமான தகவலையும் சோதிக்கப் பழகாத பிள்ளை, பிடிக்காததை மட்டும் சோதிப்பதால் பயனில்லை. வட்ஸ்அப் வதந்திகளைப் பற்றிப் பாடம் எடுப்பது இலகு. இதைச் செய்வதற்குத்தான் மனத்துணிவு வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அது எழுதித் தரும் பந்தியைக் கண்டுபிடித்துத் தண்டிக்கும் வேலையில் இறங்க வேண்டாம், அதற்கு முடிவே இராது. அது சொல்லும் நூற்பெயர்களை எடுத்து, பட்டியலில் தேடச் சொல்லுங்கள். ஐந்து நூல்களில் இரண்டு உலகில் எங்குமே இல்லை என்று தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் உபதேசம் தேவைப்படாது.

இனித் தடைகள். இவை இருக்கின்றன, மறைக்க மாட்டேன். பல இடங்களில் நூலகம் என்பது பூட்டிய அலுமாரி. வருட முடிவில் கணக்கெடுக்கும்போது நூல் குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே திறப்பு அவர் கைப்பையிலேயே இருக்கும். நான் முதலில் பொறுப்பேற்ற பாடசாலையில், வந்து எட்டு வருடமாகியும் ஒரு முறைகூட விரிக்கப்படாத கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்று இருந்தது. தாள்கள் ஒட்டிக் கிடந்தன. அதிபரிடம் போய், வருடத்துக்குச் சில நூல்கள் தொலையும், அதை எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். மூன்று முறை மறுத்தார். நாலாம் முறை கையெழுத்திட்டார். நீங்களும் முதலில் அந்தக் கையெழுத்தை வாங்குங்கள். இரண்டாவது தடை, ஆசிரியர் வராத வகுப்பையெல்லாம் நூலகத்துக்கு அனுப்பிவிடுவது. அந்த வேளையில் சத்தம் போடாமல் இருக்கச் செய்வதைத் தவிர எதுவும் கற்பிக்க முடியாது. நேரசூசியில் உங்களுக்கென்று வாரம் ஒரு பாடவேளை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், ஒரு பாட ஆசிரியரின் வேளைக்குள் நீங்கள் போவது அதைவிட நல்லது.

நான் முன்னர் சொல்லவந்ததும் இதுதான். 'நூலகத்தைப் பயன்படுத்துவது எப்படி' என்று தனியாக எடுத்த வகுப்புகள் எதையும் என் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கவில்லை. மதிப்பெண் உள்ள ஓர் ஒப்படைக்காக, அது தேவைப்பட்ட அதே கிழமையில், அந்தப் பாட ஆசிரியரும் பக்கத்தில் நிற்க நான் கற்பித்தவற்றை வெளிநாட்டிலிருந்தும் இன்று எழுதி நினைவுபடுத்துகிறார்கள். பாடசாலை மட்டக் கணிப்பீடு இருக்கும்வரை அதற்கான வாசல் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. பத்து மதிப்பெண்ணில் இரண்டை 'எங்கிருந்து எடுத்தாய், ஏன் நம்பினாய்' என்ற இரண்டு வரிக்கு ஒதுக்குமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். அச்சடித்து வாங்கிய ஒப்படையில் அந்த இரண்டு வரியும் இருக்காது.

எல்லா ஆசிரியர்களையும் ஒரே தவணையில் இணங்கவைக்க முயலாதீர்கள். ஒருவர் போதும். எனக்கு அந்த விஞ்ஞான ஆசிரியர் கிடைத்தார். முறையான பயிற்சி வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனம் ஆசிரிய நூலகர்களுக்குக் கற்கைகளை நடத்துகிறது, விண்ணப்பியுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் முதல் வாரத்திலேயே தரம் 9, 10 ஆசிரியர்களிடம் அடுத்த தவணை ஒப்படைத் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, பார்த்து எழுத முடியாத கேள்வியாக மாற்றி, அதற்குரிய நூல்களையும் பத்திரிகை நறுக்குகளையும் ஒரு மேசையில் எடுத்து வையுங்கள். சுவரில் மட்டையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டிவிடுங்கள்.